வேட்டை அலகுக்கு எந்த இலக்கு: வைக்கலும் ஃபோமும்

திருகோணமலைத் துறைமுகத்துக்குத் தெற்கே, கொட்டியாரக்குடாவின் மறுகரையில் இருக்கிறது மூதூர். 1660 இல் அந்தக் கரையில் பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் பத்தொன்பது ஆண்டுகள் கைதியாகக் கழித்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், தப்பிப்போன பிறகு 1681 இல் இலங்கையைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வேடர்களைப் பற்றி அதில் ஒரு செய்தி வருகிறது. அம்புக்கு அலகு தேவைப்படும் காட்டு வேடன் இரவோடிரவாக வந்து கொல்லன் பட்டறையில் இறைச்சியைத் தொங்கவிடுவான். தனக்கு வேண்டிய வடிவில் வெட்டிய இலையொன்றையும் கூடவே வைத்துவிட்டுப் போவான். அந்த மாதிரிப்படி கொல்லன் இரும்பை அடித்து அதே இடத்தில் தொங்கவிட்டால் மேலும் இறைச்சி வரும். செய்யாமல் விட்டால் ஏதோ ஓர் இரவில் அம்பு வரும்.

இரும்பை இலை வடிவில் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. வேடர் அம்பலகுகளில் நீண்ட இலை வடிவம் பொதுவானது. நடுவில் அகன்று, முன்னும் பின்னும் ஒடுங்கும். நடுவில் உள்ள அகலம் வெட்டுவதற்கு. பின்பக்க ஒடுக்கம் பிடி தளர்த்துவதற்கு. இரும்பு அரிதான காலத்தில் எய்த அம்பை மீட்டெடுப்பது எய்வதைப் போலவே முக்கியம். பயிற்சி இலக்கைத் தேர்வு செய்யும்போதும் இதே கணக்கைத்தான் போட வேண்டும் என்பது என் எண்ணம். அம்பைத் தடுத்து நிறுத்தப் பல பொருட்களால் முடியும். இறங்கிய அலகை அலகுக்கும் இலக்குக்கும் ஆளுக்கும் சேதமில்லாமல் திருப்பிக் கொடுக்கும் பொருள் எது என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்வியை வைத்து வைக்கல் இலக்கையும் ஃபோம் இலக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன்.

இங்கே வேட்டை அலகை யார் எய்யப் போகிறார்கள் என்று முதலில் கேட்பது நியாயம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் புள்ளிமானும் மரையும் பாதுகாக்கப்பட்ட விலங்குகள். பிரெட்றிக் கோட்டைக்குள்ளும் நகரத் தெருக்களிலும் மான்கள் ஆளுக்குப் பயப்படாமல் திரிவதை நாம் நாள்தோறும் பார்க்கிறோம். அவற்றின் மேல் அம்பு விடுவது குற்றம், அந்தப் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் வில்லும் அலகும் இந்த மாவட்டத்தின் மரபுச் சொத்து. மூதூர், வெருகல் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர் குடிகள் இன்றும் வாழ்கிறார்கள். கிழக்குக் கரையோர வேடர் தமிழ் பேசி மீன்பிடித்து வாழ்வதை செலிக்மன் தம்பதியர் 1911 இல் வெளியிட்ட வேடர் பற்றிய ஆய்வு நூலில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். தேனும் காட்டுக் கிழங்கும் கடலும் இவர்களுடைய வாழ்வு. வில் மெல்ல மெல்லச் சடங்குக்கும் காட்சிக்கும் உரியதாகி வருகிறது. அது வெறும் காட்சிப் பொருளாகிவிடாமல் எய்யத் தெரிந்த கைகளில் இருக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் பழக வேண்டும், பழக இலக்கு வேண்டும்.

இன்னொரு கூட்டம் புலம்பெயர்ந்த நாடுகளில் இருக்கிறது. கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் மானுக்கு வில்வேட்டைக்கென்றே பருவம் உண்டு. அலகு குறைந்தது 22 மில்லிமீற்றர் அகலமும் இரண்டு கூர்விளிம்புகளும் கொண்டதாக இருக்க வேண்டும், மானுக்கான வில்லின் இழுவிசை 18 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது என்பது அங்குள்ள விதி. விதி இவ்வளவு நுணுக்கமாக இருப்பதற்குக் காரணம், அம்பு கொல்லும் விதம். துப்பாக்கிக் குண்டின் அதிர்ச்சி அம்புக்கு இல்லை. அகன்ற கூர்விளிம்பு இரத்தக்குழாய்களை வெட்டுவதால்தான் விலங்கு விரைவில் விழுகிறது. மழுங்கிய அலகோ பிசகிய குறியோ ஒரு விலங்கை நாட்கணக்கில் நோகடிக்கும். எனவே சட்டம் இடம்கொடுக்கும் நாட்டிலும், பழகாமல் எய்யும் உரிமை எவருக்கும் கிடையாது என்பதே என் நிலைப்பாடு.

பயிற்சி முனையால் மட்டும் பழகினால் போதாதா? அதே எடையில் கூம்பு முனை கடையில் கிடைக்கிறது. வேட்டை அலகின் வழக்கமான எடை 100 கிறெயின், அதாவது ஏறத்தாழ 6.5 கிராம். அந்த எடைக்குச் சரியான பயிற்சி முனையைப் பூட்டினால் அம்பின் பாரம் மாறாது. ஆனால் பறக்கும் விதம் மாறும். அலகின் தட்டையான பரப்பு காற்றைப் பிடித்து, அம்பின் முன்பக்கத்தில் ஒரு சிறகு போல வேலை செய்கிறது. பின்னால் உள்ள இறகுகள் அம்பை நேராக்கப் பார்க்கின்றன, முன்னால் உள்ள அலகோ திருப்பப் பார்க்கிறது. வில் சீராக இல்லாவிட்டாலோ விரல் விடுவிப்பில் ஒரு சின்ன இழுபறி இருந்தாலோ கூம்பு முனை அதை மன்னித்துவிடும். அலகு மன்னிக்காது. வைகாசி தொடக்கம் கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் திருகோணமலை வெளிகளில் இதைக் கண்கூடாகக் காணலாம்: பக்கவாட்டுக் காற்றில் கூம்பு முனைகள் ஓரிடத்தில் கூடி நிற்க, அலகு பூட்டியவை ஒரு பக்கமாக ஒதுங்கும். கப்பி பூட்டிய கலவை வில் வைத்திருப்பவர் அம்பு தங்கும் தாங்கியை இம்மியளவு நகர்த்தி இரண்டு கூட்டங்களையும் ஒன்றாக்குவார். அலகுகள் இடப்பக்கம் போனால் தாங்கி வலப்பக்கம் நகரும், அலகுகள் தாழ்ந்தால் தாங்கி உயரும். இதைச் செய்ய உண்மையான அலகை உண்மையான இலக்கில் எய்தே ஆக வேண்டும்.

இனி வைக்கல். எங்கள் மாவட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. கந்தளாய், மூதூர், கிண்ணியா வயல்களில் பெரும்போகமும் சிறுபோகமும் முடிந்தால் வரம்போரமெல்லாம் வைக்கல்தான். அதைத் திரியாகத் திரித்து, சுருளாகச் சுற்றி, கயிற்றால் இறுக்கித் தைத்தால் இலக்கு தயார். ஐரோப்பாவில் வில்வித்தைக் கழகங்கள் நீண்டகாலம் பயன்படுத்தியது இந்த வகைச் சுருளைத்தான். மேகாலயாவில் சில்லோங் நகரத்துக் காசி வில்லாளர்களும் வைக்கல் கட்டைத்தான் குறியாக வைத்து எய்கிறார்கள். கூம்பு முனைக்கு இதைவிட அருமையான இலக்கு இல்லை. முனை தாள்களை ஒதுக்கிக்கொண்டு போகிறது, தாள்கள் அம்பின் தண்டை நாலாபக்கமும் அணைத்துப் பிடிக்கின்றன, உருவினால் பழையபடி கூடிக்கொள்கின்றன.

அலகு வந்தால் கதை வேறு. அது தாள்களை ஒதுக்குவதில்லை, நறுக்குகிறது. நறுக்கிய தாள் மறுபடி ஒன்றுசேராது. அதைவிடப் பெரிய சிக்கல், சுருளை இறுக்கிவைத்திருக்கும் கயிறு. ஓர் அம்பு கயிற்றில் பட்டு அதை அறுத்துவிட்டால் அந்த இடத்தில் இறுக்கம் போய்விடும், அடுத்த அம்பு அதே வழியாக மறுபக்கம் எட்டிப் பார்க்கும். நடுக்குறியில் நன்றாக எய்பவருடைய இலக்குத்தான் முதலில் சிதையும் என்பது இதில் உள்ள அநியாயம்.

நெல் வைக்கலுக்கு இன்னொரு குணம் உண்டு. ஐரோப்பியர் சுருட்டியது றை, கோதுமை போன்றவற்றின் தாளை. நெற்பயிர் மண்ணிலிருந்து சிலிக்காவை அள்ளி உறிஞ்சும் பயிர். அதன் உலர் எடையில் பத்து வீதம் வரைகூட சிலிக்கா இருக்கும். வைக்கல் கட்டைத் தூக்கிச் சுமந்தவருக்கு முழங்கையில் விழும் கீறல் அதன் வேலைதான். கண்ணாடித் துகளின் உறவான இந்தப் பொருள் அலகின் கூர்விளிம்பை ஒவ்வொரு எய்தலிலும் கொஞ்சம் கொஞ்சமாக உரசி எடுக்கிறது. வைக்கலில் எய்துவிட்டு வெளியே எடுத்த அலகை வெயிலுக்குப் பிடித்துப் பாருங்கள். கூராக இருக்கும் விளிம்பு ஒளியைத் திருப்பி அனுப்பாது, கறுப்புக் கோடாகத்தான் தெரியும். மழுங்கிய இடங்கள் மட்டும் ஒளியைத் தெறித்து வெள்ளிப் புள்ளிகளாக மினுங்கும். நெல் வைக்கலிலிருந்து வரும் அலகில் அந்தப் புள்ளிகள் சீக்கிரம் எண்ணிக்கையில் கூடும்.

மழைக்காலம் இன்னும் மோசம். வாடைக்காற்றோடு ஐப்பசியில் தொடங்கும் மழையில் ஊறிய வைக்கல் உள்ளே புழுங்கும், பூஞ்சணம் பிடிக்கும், அடியில் கறையான் ஏறும். ஈரமான வைக்கலில் இறங்கிய உருக்கு அலகை அன்றிரவே துடைத்து எண்ணெய் பூசாவிட்டால் காலையில் துருப்பூ தெரியும். உப்புக்காற்று அந்த வேலையை இன்னும் விரைவாக்கும்.

ஃபோம் இலக்கில் இரண்டு சாதி உண்டு. ஒன்று முழுக்கட்டி: வார்த்தெடுத்த ஒரே பாளம், அல்லது விலங்கின் உருவில் வார்த்து நெஞ்சுப்பகுதியை மட்டும் மாற்றக்கூடியதாகச் செய்தது. மற்றது அடுக்கு: மெல்லிய தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி மேலும் கீழும் இறுக்கியது. அம்பு தட்டுகளின் முகத்தில் படாமல் அவற்றின் விளிம்பில் பட்டு இடையே நுழையும். இரண்டிலும் அம்பை நிறுத்துவது உராய்வுதான். 26 கிராம் அம்பொன்று வினாடிக்கு 80 மீற்றர் வேகத்தில் வந்தால் அதனிடம் ஏறத்தாழ 83 ஜூல் ஆற்றல் இருக்கும். மரபு வில்லிலிருந்து 30 கிராம் அம்பு 50 மீற்றர் வேகத்தில் வந்தால் அதில் பாதிகூட வராது, 37 ஜூல் அளவில்தான் நிற்கும். இந்த ஆற்றலில் பெரும்பகுதி தண்டை ஃபோம் பிடித்து உரசும்போது சூடாக மாறுகிறது. வேகமான வில்லில் எய்தவுடன் அம்பை உருவினால் தண்டில் ஒரு மெல்லிய பிசின் படலம் ஒட்டியிருப்பது தெரியும், அது உருகிய ஃபோம். அதைத் துடைக்காமல் அதே அம்பை மறுபடி எய்தால் தண்டு இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். எய்வதற்கு முன் தண்டின் முன்பாதியில் உலர்ந்த சவர்க்காரக் கட்டியை ஒருமுறை தேய்த்துவிடுவது பயனுள்ள பழக்கம்.

அலகுக்கு ஃபோம் காட்டும் மரியாதை வைக்கலிடம் கிடைக்காது. மூடிய நுண்ணறைகள் கொண்ட பொலியெதிலீன் ஃபோமில் சிலிக்கா இல்லை, மண் இல்லை. அலகு வெட்டிய பிளவு, இறுக்கம் இருக்கும் வரை தானாக மூடிக்கொள்கிறது. உருவும்போது அலகு தான் போட்ட பாதையிலேயே திரும்பி வருகிறது. இதற்காக அலகு மழுங்கவே மழுங்காது என்று சொல்லவில்லை, பயிற்சி அலகை வேட்டைக்கு எடுத்துப் போகும் முன் தீட்ட வேண்டும், அல்லது பயிற்சிக்கென்று தனியாக ஒன்றிரண்டை ஒதுக்க வேண்டும். ஆனால் மழுங்கும் வேகம் வேறு.

அலகின் வடிவமும் இதில் கலந்திருக்கிறது. வேடரின் இலையலகு போல் இரண்டு விளிம்பு மட்டும் உள்ளது, தட்டுகளுக்கு இணையாக நுழைந்தால் அடுக்கு இலக்குக்கு அவ்வளவு சேதம் இல்லை. ஆனால் அம்பு சுழன்றுகொண்டு வருவதால் எந்தக் கோணத்தில் நுழையும் என்று நாம் தீர்மானிக்க முடியாது. மூன்று விளிம்பு அலகு எப்படி வந்தாலும் தட்டுகளைக் குறுக்கே வெட்டும். படும்போது விரியும் பொறியலகுகளோ உள்ளே பெரிய குழி பறித்துவிடும். அவற்றோடு விரியாதபடி பூட்டிய பயிற்சி முனை சேர்ந்து வந்தால் அதையே பயன்படுத்துவது நல்லது. பின்பக்கம் கொக்கி போல் வளைந்த அலகை எந்த இலக்கிலும் எய்யாமல் இருப்பதே உத்தமம். மீனம்புக்குக் கொக்கி வேண்டும், மீன் கழன்றுவிடக்கூடாது. நிலத்தில் பழகும் அம்புக்கு அது தொல்லை மட்டும்தான்.

ஃபோமின் குறைகளையும் சொல்ல வேண்டும். வெயில் அதன் எதிரி. கோடை முழுவதும் வெளியே கிடந்தால் மேற்பரப்பு மஞ்சளாகி, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும். தீப்பிடித்தால் நச்சுப்புகை. காலாவதியானால் வைக்கலைப் போல மாட்டுக்கோ மண்ணுக்கோ போடமுடியாது, குப்பையாகிக் கடற்கரைக்கு வந்து சேரும். இலக்கென்றே செய்த பாளம் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், கனம் குறைவானாலும் இடம் அடைப்பதால் அனுப்புகூலி பொருளின் விலையோடு போட்டி போடும். பார்வைக்கு ஃபோமாகத் தெரிவதெல்லாம் உதவும் என்றும் இல்லை. மீன்பெட்டி செய்யும் ரெஜிஃபோமை அடுக்கி எய்து பார்ப்பவர்கள் உண்டு. அது மணிமணியாகப் பொரிந்து காற்றில் பறக்குமே தவிர அம்பைப் பிடித்து வைக்காது. துணிக்கழிவு அடைத்த சாக்கு கூம்பு முனைக்கு மலிவான நல்ல இலக்கு, அலகுக்கோ பொறி. துணி அலகின் பின்பக்கத்தில் சுற்றிக்கொள்ள, உருவ முடியாமல் சாக்கைக் கிழிக்க வேண்டிவரும். மணல்மூட்டை ஒரே எய்தலில் கூரைத் தின்றுவிடும். மணல் இலக்குக்குப் பின்னால் தடுப்பாக இருக்கட்டும், இலக்காக வேண்டாம்.

வாழைக்குற்றியை ஒதுக்கிவிட மனம் வரவில்லை. நவராத்திரி முடிவில் எங்கள் கோயில்களில் மானம்பூத் திருவிழாவுக்கு வாழை நடுவது அசுரனுக்குப் பதிலாகத்தான். வாழையின் தண்டு, உறை மேல் உறையாக அமைந்த காற்றறைகளும் நீரும் நிறைந்த அடுக்கு. அலகு அதில் வழுக்கிக்கொண்டு இறங்கும், வழுக்கிக்கொண்டு வெளியே வரும், விளிம்பும் அவ்வளவாகக் கெடாது. மரபு வில்லுக்கு, அன்றைய பயிற்சிக்கு, குலை வெட்டிய வாழை நல்ல இலக்கு. ஆனால் வாழைக்கறை உருக்கைக் கறுக்கவைக்கும், வேகமான வில்லுக்கு ஒரு குற்றியின் தடிப்புப் போதாது, சில நாளில் அழுகிவிடும்.

இப்போது தீர்ப்பு. கூம்பு முனையால் நாள்தோறும் செய்யும் பயிற்சிக்கு வைக்கல் போதும், அது எங்கள் மண்ணில் விளைவது, செலவில்லாதது, மறுபடி மறுபடி கட்டலாம். வேட்டை அலகுக்கு ஃபோம்தான், அதிலும் அடுக்கு இலக்கு. முழுக்கட்டி கொஞ்சம் அதிகம் உழைக்கும் என்றாலும் அது கெட்டால் முழுதும் கெட்டது. அடுக்கில் கெட்ட தட்டை மட்டும் மாற்றலாம், தவிர அதை இங்கேயே செய்துகொள்ளலாம் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம்.

குளிர்சாதனப்பெட்டி, தொலைக்காட்சிப் பெட்டிகளோடு வரும் வளையக்கூடிய வெள்ளை பொலியெதிலீன் ஃபோம் தட்டும், பழைய உடற்பயிற்சிப் பாயும் இதற்கு ஏற்றவை. கையால் அமுக்கி விட்டால் பழைய தடிப்புக்குத் திரும்ப வேண்டும், நொறுங்கக்கூடாது என்பதே சோதனை. எல்லாவற்றையும் ஒரே அளவாக வெட்டி, அம்பு போகும் திசையில் ஒரு முழத்துக்குக் குறையாத ஆழம் இருக்கும்படி அடுக்க வேண்டும். மேலும் கீழும் தடித்த பலகை, நான்கு மூலையிலும் மரை வெட்டிய இரும்புக்கம்பி, அதில் நட்டு. கம்பிகள் எய்யும் முகத்திலிருந்து நன்றாகப் பின்தள்ளியோ பக்கவாட்டிலோ இருக்க வேண்டும், அலகு இரும்பில் பட்டால் தெறித்துத் திரும்பும். கம்பிக்குப் பதிலாக லொறியில் சாமான் கட்டும் பட்டியால் இறுக்கினாலும் சரி. ஒவ்வொரு முறையும் எய்யத் தொடங்குமுன் நட்டை ஒரு சுற்று இறுக்கி, முடிந்ததும் தளர்த்திவிட்டால் ஃபோம் சோர்ந்துபோகாது. கூரைக்குக் கீழ், நிலத்திலிருந்து உயர்த்தி வைத்தால் வெயிலும் கறையானும் தூரம்.

எய்யும் இடத்தைப் பற்றி ஒரு சொல். இலக்குக்குப் பின்னால் மண்ணணை வேண்டும், அதற்கும் பின்னால் நடைபாதையோ மேய்ச்சல் வழியோ இருக்கக்கூடாது. எங்கள் கரையோரக் கிராமங்களில் மாடும் பிள்ளைகளும் எந்தப் பற்றைக்குள்ளிருந்தும் வெளிப்படுவார்கள். கூம்பு முனை தவறிப்போவதும் அலகு தவறிப்போவதும் ஒன்றல்ல. உருவும்போது ஒரு கையை இலக்கின் மேல் தண்டை ஒட்டி ஊன்றி, மறுகையால் நேர்கோட்டில் இழுக்க வேண்டும், இழுப்பவருக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக்கூடாது. திருகி இழுக்கவே கூடாது: அலகு மரையில் கழன்று உள்ளேயே தங்கிவிடும், அடுத்து வரும் அம்பு அதன் மேல் பாயும்.

ஒரே குறியில் எல்லா அம்பையும் குவிக்கும் ஆசையையும் அலகு பூட்டிய நாளில் அடக்க வேண்டும். இலக்கின் முகத்தில் ஐந்தாறு சிறு புள்ளிகளைத் தள்ளித் தள்ளி வரைந்து, ஒரு புள்ளிக்கு ஓர் அம்பு என்று எய்தால் அம்போடு அம்பு உரசி இறகு அறுபடாது, ஃபோமும் ஒரே இடத்தில் குழியாகாது. நடுத்தட்டுகள்தான் முதலில் தளரும். அவற்றை உருவி அடியில் போட்டு, அடித்தட்டுகளை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி இறுக்கலாம். முன்பக்கம் முழுதும் தேய்ந்த பிறகு அடுக்கைப் பின்முன்னாகத் திருப்பிவைத்தால் இன்னொரு பருவம் ஓடும்.